எழுத்தில் மூன்று, வாயில் இரண்டு

‘மெள்ள’ என்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. ஆங்கில எழுத்துப் பெயரால் கூட்டினால் எல்-ஈ-என்-டீ-ஈ-எம்-ஈ-என்-டீ. ஒன்பது எழுத்து. பள்ளிக்கூடப் புத்தகம் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டும். பாரிஸ்காரர் வாயில் அது இரண்டாகத்தான் வரும்: லா(ன்)த்-மா(ன்). நடுத்துண்டு எங்கே போனது என்று விளங்கிவிட்டால் பிரெஞ்சு வினையடைகளில் முக்கால்வாசி கைக்குள் வந்துவிடும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு குறியீடுகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் (ன்) என்று அடைப்புக்குள் வந்தால் அங்கே நாக்கு மேலே தொடக் கூடாது. மூச்சில் பாதி மூக்கால் போனால் போதும். சிறுகோடு வந்தால் அது அசை பிரியும் இடம். அசை என்றதும் யாப்பிலக்கணத்து நேரும் நிரையும் நினைவுக்கு வரும். அது வேறு கணக்கு. யாப்பில் ‘கடல்’ ஒரே நிரையசை. நான் சொல்லும் அசை ஒரு உயிரொலியைச் சுற்றி ஒரே தள்ளலில் வரும் ஒலித்துண்டு. அந்தக் கணக்கில் கடல், க-டல் என்று இரண்டு.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். பிரெஞ்சுக்காரர் இந்தத் துறைமுகத்துக்குப் புதியவர்கள் இல்லை. 1672 இல் தெ லா ஹே என்ற தளபதியின் கப்பல்கள் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆதரவைத் தேடின. ஒல்லாந்தர் அவர்களை நிலைக்க விடவில்லை. 1782 ஆகஸ்ட் கடைசியில் தளபதி சுஃப்ரென் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்ரெம்பர் 3 ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களோடு மோதினார். சமாதானம் வந்த பிறகு கோட்டை ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. அந்த இரண்டு வருகையாலும் பிரெஞ்சு இந்த ஊரில் ஒட்டவில்லை. இன்று அது எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பாரிஸில் லாச்சப்பலிலும் லா கூர்நேவிலும் இருக்கும் அண்ணன்மார், மாமாமார், கட்டிக்கொண்டு போகும் மாப்பிள்ளைமார் வழியாக வருகிறது. சீசனில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து இறங்கும் வெள்ளைக்காரர் வழியாகவும் கொஞ்சம் வருகிறது.

இப்போது இதற்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2024 ஜனவரி 26 ஆம் திகதி வந்த பிரெஞ்சுச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் மொழித்தரத்தை உயர்த்தியது. பொதுவாக, பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2 என்ற மொழித்தரம், பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். முன்பு பத்தாண்டு அட்டைக்கு ஏ2, குடியுரிமைக்கு பி1 போதுமாக இருந்தது. இந்தத் தரத்தைக் காட்டும் பரீட்சையில் எழுத்து மட்டும் இல்லை. எதிரே ஒருவர் இருந்து கதைக்கச் சொல்வார். அன்றாட வாழ்க்கையைச் சொல்லு, கருத்தைச் சொல்லு என்பார். ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’, ‘உண்மையில்’, ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற வினையடைகள் இல்லாமல் இதில் எதையும் சொல்லி முடிக்க ஏலாது.

தமிழில் ஒரு பண்புச் சொல்லை வினையடை ஆக்க ‘ஆக’ அல்லது ‘ஆய்’ சேர்க்கிறோம். வடிவு, வடிவாக. கெதி, கெதியாய். பிரெஞ்சில் அந்த வேலையைச் செய்யும் வால் எம்-ஈ-என்-டீ என்று எழுதப்படும் மா(ன்). அந்த வாலை ஒட்டுவதற்கு முன் பெயரடையைப் பெண்பாலாக மாற்றிக்கொள்ள வேண்டும். ‘மெதுவான’ என்பதன் ஆண்பால் லா(ன்), பெண்பால் லா(ன்)த். பெண்பாலின் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்து வந்து சேர்கிறது. அந்த ‘ஈ’ தனக்கென்று சத்தம் இல்லாமல், முன்னால் நிற்கும் டீ எழுத்தை மட்டும் ஒலிக்கச் செய்கிறது. பெண்பால் ஏன் என்றால், இந்த வால் லத்தீனில் ‘மனம்’ என்ற பெண்பாற் சொல்லிலிருந்து வந்தது. ‘மெதுவான மனத்தோடு’ என்று தொடங்கியது தேய்ந்து ‘மெதுவாக’ என்று நின்றுவிட்டது.

ஆகவே பிரெஞ்சு வினையடையின் நடுவே, வாலுக்கு முன்னால், பெரும்பாலும் அந்த மெலிந்த ‘ஈ’ எழுத்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பத்தி முழுவதும் அதைப் பற்றித்தான். அது ஒலிக்குமா, விழுமா என்பதைப் பொறுத்தே அசைக்கணக்கு இருக்கிறது.

பிரெஞ்சுப் புத்தகங்கள் எழுத்துச் சொல்லை அசையாகப் பிரிக்கும் முறை எளிது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் நின்றால் ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் போகும். இரண்டாவது மெய் எல் அல்லது ஆர் ஆக இருந்து முன்னது ப, த, க போன்ற வல்லொலியாக இருந்தால் இரண்டும் பிரியாமல் பின்னால் போகும். வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அதன்படி ‘கெதியாக’ என்பது ர-பி-தெ-மா(ன்) என்று நாலு. ஆனால் கதைக்கும்போது தெ விழுந்துவிடும்; அதன் மெய் முன் அசையில் ஏறிக்கொள்ளும். ர-பித்-மா(ன்), மூன்று.

நமக்கு இது புதிதாகத் தெரியத் தேவையில்லை. ‘வடிவாக’ என்று எழுதுகிறோம், ‘வடிவா’ என்று சொல்கிறோம். ‘போக வேண்டும்’ என்பதில் எழுத்துப்படி நாலு அசை. வாயில் ‘போகோணும்’, மூன்று. இலக்கணத்திலேயே இதற்கு உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான்: குற்றியலுகரம். ‘காசு’, ‘பாட்டு’, ‘பஞ்சு’ என்ற சொற்களின் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும். உயிர் வந்து சேர்ந்தால் மறைந்தே போகும்: காசு இல்லை, காசில்லை. ஆனால் ‘அது’, ‘பசு’ என்பவற்றில் உகரம் குறுகாது, ஏனென்றால் அதற்கு முன்னால் தனிக்குறில் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே உகரம்தான், முன்னால் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்து அதன் நீளம் மாறுகிறது. பிரெஞ்சு ‘ஈ’ எழுத்தின் குணமும் இதேதான். பள்ளியில் குற்றியலுகரத்தை ஒழுங்காகப் படித்தவருக்குப் பிரெஞ்சு இலக்கணத்தின் இந்தப் பக்கம் பாதி தெரிந்த பாடம்.

பிரெஞ்சு விதியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். அந்த ‘ஈ’க்கு முன்னால் ஒரேயொரு மெய்யொலி இருந்தால் அது விழும். இரண்டு மெய்யொலி அடுத்தடுத்து இருந்தால் நிற்கும். விழுந்தால் மூன்று மெய் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதைப் பிரெஞ்சு வாய் விரும்பாது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொரிஸ் கிரமோ(ன்) என்ற மொழியியலாளர் இதை ‘மூன்று மெய் விதி’ என்று வகுத்துச் சொன்னார். விலக்குகள் உண்டு, ஆனால் வினையடைகளுக்கு இந்த விதி நன்றாகப் பொருந்துகிறது.

விழும் சொற்களைப் பார்ப்போம். துஸ்-மா(ன்) என்றால் பக்குவமாக, மெதுவாக. செல்-மா(ன்) என்றால் மட்டும். தெல்-மா(ன்) என்றால் அவ்வளவு. ஃபி-னல்-மா(ன்) என்றால் கடைசியில். நொர்-மல்-மா(ன்) என்றால் வழக்கமாக.

நிற்கும் சொற்கள் இவை. எக்-ஸக்-தெ-மா(ன்), மிகச் சரியாக. முன்னால் க், த் இரண்டும் ஒலிக்கின்றன. அதனால் தெ நிற்கிறது. ஜுஸ்-தெ-மா(ன்), சரியாக அதுவே. ஸே(ன்)-ப்லெ-மா(ன்), எளிமையாக. ஓ-த்ரெ-மா(ன்), வேறு விதமாக.

இப்போது ஒரு நுணுக்கம். முதலில் சொன்ன லா(ன்)த்-மா(ன்) சொல்லில் அந்த ‘ஈ’க்கு முன்னால் என், டீ என்று இரண்டு மெய்யெழுத்து இருக்கின்றன. அப்படியென்றால் அது நிற்க வேண்டுமே? எழுத்தை எண்ணினால்தான் இரண்டு. காதால் எண்ணினால் என் எழுத்து மூக்கொலியாகி உயிரோடு கரைந்துவிட்டது. மிஞ்சியது த் ஒன்றுதான். ஆகவே விழுகிறது. பிரெஞ்சில் எண்ணுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் எண்ண வேண்டும்.

பெரிய சொல் ஒன்றை எடுத்துக் கழற்றிப் பார்ப்போம். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்பதற்கு பிரெஞ்சில் பதினைந்து எழுத்து. எம்-ஏ-எல்-எச்-ஈ-யூ-ஆர்-ஈ-யூ-எஸ்-ஈ-எம்-ஈ-என்-டீ. பார்த்தவுடனே பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். எழுத்துப்படி ஐந்து அசை. நடுவில் நிற்கும் எச் ஊமை, அதைத் தூக்கிவிடுங்கள். அது போனதும் எல் எழுத்து தனியாகி அடுத்த உயிரோடு சேர்கிறது. ஈ-யூ சேர்ந்தால் ஒரே உயிர்: ஏ சொல்லிக்கொண்டே உதட்டைக் குவியுங்கள், அந்த ஒலி. எஸ் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் இருப்பதால் தொண்டை அதிர வேண்டும்; தமிழ் ஸ் போல வெறும் காற்றாக வரக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் ‘ஈ’ விதிப்படி விழுகிறது. மிஞ்சுவது ம-லெ-ரெஸ்-மா(ன்). நாலே அசை, ஒவ்வொன்றும் நாம் நாளாந்தம் சொல்லும் ஒலிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எல்லா வினையடைக்கும் இந்த நடு ‘ஈ’ இருக்காது. பெயரடை உயிரில் முடிந்தால் பெண்பால் ஆக்காமல் வாலை நேரே ஒட்டுவார்கள். வ்ரெ-மா(ன்), உண்மையாகவே. பொ-லி-மா(ன்), மரியாதையாக. அப்-ஸொ-லு-மா(ன்), கட்டாயமாக. இங்கே விழ எதுவும் இல்லை, எழுதியபடியே சொல்லலாம். அந்த ‘லு’ மட்டும் தமிழ் லு இல்லை. நாக்கை இ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை உ போலக் குவிக்க வேண்டும்.

இன்னொரு வகையில் ‘ஈ’யின் தலைமேல் ஒரு சாய்கோடு இருக்கும். கோடு இருந்தால் அது எப்போதும் ஒலிக்கும், விழாது. ப்ரெ-ஸி-ஸெ-மா(ன்), துல்லியமாக. எ-நொர்-மெ-மா(ன்), மிக அதிகமாக. ப்ரொ-ஃபோ(ன்)-தெ-மா(ன்), ஆழமாக. கோட்டைக் கவனிக்காமல் விட்டால் ஒரு அசை குறைந்துவிடும்.

மூன்றாவது வகைதான் கண்ணை ஏமாற்றும். ஈ-என்-டீ என்று முடியும் பெயரடைகள் வினையடை ஆகும்போது ஈ-எம்-எம்-ஈ-என்-டீ என்று மாறும். ஏ-என்-டீ என்று முடிபவை ஏ-எம்-எம்-ஈ-என்-டீ என்று மாறும். எழுத்து இரண்டு விதம், சத்தம் ஒன்றுதான்: அ-மா(ன்). எ-வி-த-மா(ன்), சந்தேகமில்லாமல். ரெ-ஸ-மா(ன்), அண்மையில். கோ(ன்)ஸ்-த-மா(ன்), இடைவிடாமல். பொறுமையாக என்பதற்கு ப-ஸ்ய-மா(ன்). இதில் டீ எழுத்தே ஸ் ஆக ஒலிக்கிறது. எழுத்தைப் பார்த்து ‘எவிதெம்மென்ட்’ என்று வாசிப்பவரைக் கேட்பவருக்கு எந்தச் சொல் என்றே பிடிபடாது. இந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்பது நம் ‘மெள்ள’. அதன் பெயரடையும் ஈ-என்-டீ என்று முடிகிறது. ஆனாலும் பெண்பால் வழியாகவே போகிறது.

அடுத்தது ஒரே வாலை வைத்துக்கொண்டு ஏமாற்றும் வினைச்சொல். ‘அவர்கள் மூடுகிறார்கள்’ என்பதன் வினையை எஃப்-ஈ-ஆர்-எம்-ஈ-என்-டீ என்று எழுதுவார்கள். கடைசி நாலு எழுத்தும் வினையடை வாலைப் போலவே இருக்கின்றன. ஆனால் பன்மை வினையில் ஈ-என்-டீ முழுவதும் ஊமை. சொல் ஒரே அசையாக ஃபெர்ம் என்று முடிந்துவிடும். அதே வேரிலிருந்து வரும் ‘உறுதியாக’ என்ற வினையடையோ ஃபெர்-மெ-மா(ன்), மூன்று அசை. ர், ம் என்று இரண்டு மெய் முன்னால் இருப்பதால் மெ நிற்கிறது. ஒரு சொல்லை வாசிக்கும் முன் அது வினையா வினையடையா என்று பார்த்துவிட வேண்டும். முன்னால் ‘அவர்கள்’ இருந்தால் வாலை விழுங்குங்கள்.

இனி நம் வாய்க்கு வருவோம். பிரெஞ்சு டீ எழுத்து ஆங்கில டீ போல இல்லை. நாக்கு நுனி பல்லின் பின்புறத்தைத் தொடும்; அச்சொட்டாக நம் ‘தாய்’ என்ற சொல்லின் த. ஆங்கிலேயர் பல மாதம் பழகியும் தடுமாறும் இந்த ஒலி நமக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஆங்கில டீயை ‘மாஸ்ரர்’ என்றும் ‘ரிக்கற்’ என்றும் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதிப் பழகிய நாங்கள், அதே பழக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லுக்கும் ட, ற போட்டு எழுதிவிடுகிறோம். கையிலிருந்த முதலை வீணாக்குவது அது.

இந்த ஊரில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தால் பிரெஞ்சுச் சொல்லுக்கு எதிரே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருக்கும். ஒரு தங்கச்சியின் கொப்பியில் ‘லாந்த்மான்’ என்று இருந்தது. “அண்ணா, வகுப்பில் எழுதித் தந்தபடிதான் சொல்கிறன், பாரிஸில் இருக்கிற அவருக்கு விளங்கேல்லையாம்” என்றாள். அதை வாசிக்கச் சொன்னேன். தமிழில் ந்த என்று எழுதினால் த தானாகவே ‘பந்து’வில் வரும் து போலக் குரலெடுத்து ஒலிக்கும். அவள் வாயிலும் அப்படித்தான் வந்தது. பிரெஞ்சில் அது ‘தாய்’ த ஆக இருக்க வேண்டும். கூடவே ந் என்ற மெய்யும் முழுசாக ஒலித்தது. அங்கே மெய்யே இல்லை. அவள் எழுதியபடி சரியாகத்தான் வாசித்தாள். கொப்பியில் இருந்த எழுத்துதான் அவளைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோனது. எதிர்ப்பக்கம் துஸ்-மா(ன்) சொல்லின் முதல் எழுத்துக்கு ‘பந்து’வின் து வேண்டும், ஆனால் தமிழில் சொல்லின் தொடக்கத்தில் து எழுதினால் ‘தாய்’ த தான் வரும். இரண்டு சொல்லிலும் தமிழ் எழுத்து சரியாகத் தலைகீழாக வேலை செய்கிறது.

மூக்கொலிக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சினிமாவில் கதாநாயகன் ‘நான் வர்றேன்’ என்று சொல்லும்போது கடைசி ன் எழுத்தைக் கவனியுங்கள். நாக்கு மேலே போய்த் தொடாது. ஏ என்ற உயிர் மூக்கால் போய் முடியும். ‘மரம்’ என்பதையும் அவர்கள் பேச்சில் உதடு மூடாமலே முடிப்பார்கள். நாங்கள் ஈழத்தில் ‘வாறன்’, ‘மரம்’ என்று மெய்யை முழுசாக மூடித்தான் சொல்வோம். எங்கள் பேச்சு எழுத்துக்குக் கிட்ட நிற்பது பெருமைதான். ஆனால் பிரெஞ்சுக்கு அந்தச் சினிமாப் பேச்சு உதவும். அந்த ‘வர்றேன்’ முடியும் மாதிரியே மா(ன்) முடிய வேண்டும். வாய் ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் திறந்திருக்கட்டும். கண்ணாடி முன் நின்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தால் சரி.

அழுத்தமும் இடம் மாறும். தமிழில் சொல்லின் முதல் அசையில் இயல்பாகவே கொஞ்சம் பாரம் விழும். பிரெஞ்சில் பாரம் கடைசி அசைக்குப் போகும், அதுவும் சொற்றொடரின் கடைசிக்கு. வினையடைகளில் அது மா(ன்). ஆகவே முன் அசைகளைச் சமமாக விட்டு, கடைசியைச் சற்று நீட்டினால் போதும்.

வால் இல்லாத சின்ன வினையடைகளிலும் இதே கதை உண்டு. ‘இப்போது’ என்பதை மூன்றாக எழுதி மே(ன்)த்-னா(ன்) என்று இரண்டாகச் சொல்கிறார்கள். ‘உடனே’ என்பதற்கு மூன்று தனிச்சொல் எழுதுவார்கள். வாயில் தூத்-ஸ்வித், இரண்டே அசை. இவை இரண்டும் லாச்சப்பல் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கக் காதில் விழும். எழுத்தை வைத்துத் தேடினால் பிடிபடாது. ‘ப்லு’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். கடைசி எஸ் ஒலித்து ப்லுஸ் என்றால் ‘இன்னும் வேண்டும்’. ஒலிக்காமல் ப்லு என்று நின்றால், சாதாரணப் பேச்சில் ‘இனி வேண்டாம்’. சாப்பாட்டு மேசையில் இந்த ஒரு ஸ் தட்டை நிரப்பவும் எடுக்கவும் வல்லது. இன்னொரு சொல்லோடு சேர்த்து ‘இன்னும் மெள்ள’ என்று ஒப்பிடும்போது மட்டும் ஸ் இல்லாமல் ப்லு லா(ன்)த்-மா(ன்) என்பதே முறை.

சொல்லோடு சொல் சேரும்போது அசை எல்லை நகரும். இதுவும் நாம் அறிந்த புணர்ச்சிதான். கடல், ஓரம் இரண்டும் சேர்ந்தால் க-ட-லோ-ரம். ல் தன் வீட்டை விட்டு ஓ மேல் ஏறிவிடுகிறது. பிரெஞ்சில் து-ஜுர் என்றால் எப்போதும். இ-ஸி என்றால் இங்கே. சேர்த்துச் சொன்னால் து-ஜு-ரி-ஸி. சில வினையடைகளின் கடைசி ஊமை எழுத்து, உயிர் வந்தால் எழுந்துவிடும். த்ரெ என்றால் மிக. கடைசி எஸ் ஊமை. பின்னால் ‘முக்கியமான’ என்ற சொல் வந்தால் த்ரெ-ஸே(ன்)-போர்-தா(ன்) என்று அந்த எஸ் தொண்டை அதிர ஒலிக்கும். சேர்ந்து வரும் பிரெஞ்சில் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் திகைப்பவர்கள், தமிழைப் பிறர் கேட்கும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி ஆறுதல் அடையலாம்.

அப்படியானால் புத்தகம் சொல்லும் மூன்று பிழையா? இல்லை. பிரெஞ்சு மரபுக் கவிதையில் மெய்க்கு முன்னால் வரும் அந்த ‘ஈ’யை ஒரு அசையாகவே எண்ணுவார்கள். பாட்டிலும் பல வேளை அது நீண்டு ஒலிக்கும். பிரான்சின் தெற்கே துலூஸ், மர்செய் பக்கத்துப் பேச்சில் இன்றும் லா(ன்)-தெ-மா(ன்) என்று மூன்றையும் சொல்வார்கள். உங்கள் ஆள் துலூஸில் இருந்தால் அவர் சொல்வதும் சரி, பாரிஸில் இருப்பவர் சொல்வதும் சரி. பரீட்சையில் நடு ‘தெ’யை ஒலித்தாலும் கேட்பவருக்கு விளங்கும். கடைசி டீயை ஒலித்து ‘மென்ட்’ என்று முடித்தால்தான் சிக்கல்.

பழகுவதற்கு என் யோசனை இது. கொப்பியில் பிரெஞ்சுச் சொல்லைப் பிரெஞ்சிலேயே எழுதுங்கள். ஊமை எழுத்துகளைப் பென்சிலால் வெட்டுங்கள். ஒலிக்கும் அசைகளை இரண்டு நிறத்தில் மாறி மாறி அடிக்கோடிடுங்கள். பிரான்சில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான பல புத்தகங்களும் இப்படித்தான் இருக்கும். அங்கே முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கையைத் தட்டி அசையை எண்ணுவார்கள்; நீங்களும் மேசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். பிரெஞ்சு வானொலி ஆர்எஃப்ஐ, படிப்பவர்களுக்காக எளிய பிரெஞ்சில் ஒரு செய்தி நிகழ்ச்சி நடத்துகிறது. இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். கேட்கும்போது மா(ன்) என்று முடியும் சொற்களை மட்டும் பிடித்து, எத்தனை தட்டு என்று குறித்துவையுங்கள். ஒரே நாளில் இருபது சொல் படிப்பதை விட, ஐந்து சொல்லைச் சரியான அசையில் சொல்வது பயன் தரும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வகுப்பு நடத்துபவர்களே, பலகையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிப்போடுவதை நிறுத்துங்கள். பிள்ளைகளின் ஃபோனில் உங்கள் குரலைப் பதிந்து கொடுங்கள். பிரான்சில் இருக்கும் உறவுகளே, ஊரில் படிக்கிற பிள்ளை ஒரு சொல்லின் உச்சரிப்பைக் கேட்டால் ‘லாந்த்மான்’ என்று தட்டெழுதி அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாயைத் திறந்து இரண்டு தரம் சொல்லி அனுப்புங்கள். அது உங்களுக்குப் பத்து விநாடி வேலை.